கடுவனா, பெட்டையா? குட்டி எடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய்களைத் தேடிப் போகிறவர்கள் வாசலில் நின்றபடியே கேட்பது, "கடுவன் குட்டி இருக்கா?" என்பதைத்தான். காவலுக்குக் கடுவன்தான் சரி, பெட்டை என்றால் குட்டி போட்டுத் தொல்லை என்ற எண்ணம் ஊர் ஊராக ஊறிக் கிடக்கிறது. ஒரு ஈத்தில் கடுவன்களுக்கு முன்பணம் வந்துவிடும். பெட்டைகள் கேட்பாரற்று நிற்கும். கண் திறந்து சில நாளே ஆன பெட்டைக் குட்டிகளைச் சந்தையோரத்திலும் கோயில் வாசலிலும் விட்டுப் போவது இந்த எண்ணத்தால் வருகிற கொடுமை. குட்டியின் பாலினம் மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. தாயின் குணம் முதலில், குட்டியின் உடல்நலம் அடுத்து, அதற்குப் பிறகுதான் கடுவனா பெட்டையா என்பது.

செய்ய வேண்டியவை

தாயைப் பாருங்கள். குட்டியை எடுத்து வந்து காட்டினால் போதாது, தாய் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். புது ஆளைக் கண்டதும் தாய் ஓடி ஒளிகிறதா, காரணமில்லாமல் பாய்கிறதா, அல்லது எஜமானர் சொன்னதும் அடங்கி நின்று முகர்ந்து பார்க்கிறதா? கடுவனுக்கும் பெட்டைக்கும் உள்ள குண வேறுபாட்டைவிட ஒரு ஈத்துக்கும் இன்னொரு ஈத்துக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

ராஜபாளையம் என்றால் காதைச் சோதியுங்கள். வெள்ளை நிறத்தோடு ஒட்டி வரும் பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு. குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே விட்டு, அது பார்க்காத பக்கத்திலிருந்து ஒலி எழுப்புங்கள். கூடப் பிறந்தவை சேர்ந்திருந்தால், அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். நீங்கள் ஏமாந்து போவீர்கள். தரையைத் தட்டவும் கூடாது, அதிர்வை உணர்ந்துகொள்ளும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் எதிர்ப்பாலில் எடுங்கள். பாலினம் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இதுதான். இரண்டு கடுவன்கள் உறுமி, முட்டி, ஒரு கட்டத்தில் யார் பெரியவர் என்று முடிவுக்கு வருவது உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பெட்டைகளுக்குள் பகை மூண்டால் அது தீருவது கடினம். கடுவனும் பெட்டையுமாக இருந்தால் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். ஆனால் பெட்டை பருவத்துக்கு வருவதற்குள் ஏதாவது ஒன்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும், அல்லது அந்த நாட்களில் இரண்டையும் வேறு வேறு வீட்டில் வைக்க வழி இருக்க வேண்டும். நடுவே ஒரு கதவு மட்டும் போதாது.

பெட்டை எடுத்தால் அதன் நாட்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஹீட், அதாவது இணைசேரும் பருவம், ஆறு மாதத்திலும் வரலாம், பெரிய இனங்களில் ஒரு வயதைத் தாண்டியும் வரலாம். பிறகு பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு மாதத்துக்கு ஒருமுறை. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் பெட்டைகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். முதல் வாரத்தில் ரத்தம் படும். கடுவனை அண்ட விடாது. இரண்டாவது வாரத்தில் ரத்தம் வெளுத்து நின்றதுபோல் ஆகும். "முடிந்துவிட்டது" என்று நினைத்து வீட்டார் அவிழ்த்து விடுவது அப்போதுதான். பெட்டை கடுவனை ஏற்கும் நாட்கள் அவையே. மூன்று வாரமும் முழுதாகக் கழியும்வரை வாரில்லாமல் வெளியே விடாதீர்கள். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் சாதாரண மதில்சுவர் ஒரு தடையே இல்லை.

கடுவன் எடுத்தால் நடைக்கு நேரம் ஒதுக்குங்கள். கடுவனுக்குப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லை, வயது வந்த பிறகு எந்நாளும் தயார்தான். அடுத்த தெருவில் ஒரு பெட்டை ஹீட்டுக்கு வந்தால் சாப்பாட்டை மறுக்கும், இரவெல்லாம் ஊளையிடும், கதவு திறந்த நொடியில் சாலையில் பாயும். கம்பம், வண்டிச் சக்கரம், சில நேரம் சோபாக் கால் என எல்லாவற்றிலும் காலைத் தூக்கும். இவற்றைக் குட்டிப் பருவத்திலேயே அன்றாட நடையாலும் பழக்கத்தாலும் மட்டுப்படுத்தலாம்.

நாய்க் கண்காட்சிக்கு, அதாவது ஷோவுக்கு, என்றால் கடுவன் குட்டியின் விதைகளைத் தொட்டுப் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு இரண்டும் பைக்குள் இறங்கியிருப்பது இயல்பு. ஆறு மாதமாகியும் ஒன்று இறங்கவில்லை என்றால் இனி இறங்குவது அரிது. அந்த நாய் ஷோவுக்கு ஆகாது. பரம்பரையாக வரும் குறை என்பதால் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது. வயிற்றுக்குள் தங்கிய விதையில் பின்னாளில் புற்று வரும் ஆபத்து அதிகம், ஆகவே மருத்துவரிடம் காட்டி அகற்ற வேண்டும். வீட்டுக்குத் துணையாக அது மிக நல்ல நாயாகவே இருக்கும்.

ஷோவோடு இனத்தையும் வளர்க்கும் எண்ணம் இருந்தால் பெட்டையில் தொடங்குங்கள். நல்ல கடுவன் இன்னொருவர் வீட்டில் இருந்தாலும் பணம் கொடுத்தோ ஒரு குட்டி கொடுத்தோ இணை சேர்க்கலாம். நல்ல பெட்டை உங்கள் வீட்டில் இருந்தால்தான் ஈத்து உங்களுடையது. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் தங்கள் சிறந்த பெட்டையை விற்காமல் வைத்துக்கொள்வது இதனால்தான்.

செய்யக்கூடாதவை

பெட்டை காவல் காக்காது என்று நம்பாதீர்கள். கோம்பைப் பெட்டை இருக்கும் தோட்டத்துக்குள் இரவில் கால் வைத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

உருவம் பெரிது என்பதற்காக ஷோவுக்குக் கடுவனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரிங்கில் கடுவன்கள் கடுவன்களோடும், பெட்டைகள் பெட்டைகளோடும்தான் முதலில் போட்டியிடுகின்றன. இனத்தில் சிறந்தது எது என்ற கடைசிக் கட்டத்தில்தான் இரண்டும் எதிரெதிரே நிற்கும். அப்போதும் நடுவர் அளப்பது உடலமைப்பையும் நடையையும் இனத்தின் இலக்கணத்தையும்தான். பெட்டையில் பெண்மை தெரிய வேண்டும் என்பதும் அந்த இலக்கணத்தில் அடக்கம். கடுவனுக்கு இருக்கும் உண்மையான வசதி வேறு: அது ஷோக்களைத் தவறவிடாது. பெட்டைக்கு ஹீட், அதன் பின் சில பெட்டைகளுக்கு வரும் பொய்க் கர்ப்பம், முடி உதிர்தல் என்று வருடத்தில் சில மாதங்கள் கழிந்துவிடும். குட்டி போட்டால் ஏறக்குறைய 63 நாள் கர்ப்பம், பால் கொடுக்கும் காலம், உடல் தேறும் காலம் எல்லாம் சேர்ந்து அரை வருடம் போகும். முடி நீண்ட இனங்களில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாய்களில் அவ்வளவாகத் தெரியாது.

ஹீட்டில் உள்ள பெட்டையை, நடத்துபவர்களிடம் விதியை விசாரிக்காமல் ஷோவுக்குக் கொண்டுபோகாதீர்கள். விதி அனுமதித்தாலும், அதன் வகுப்பு வரும்வரை வண்டியிலேயே, நிழலிலும் காற்றோட்டத்திலும் ஒருவர் கூடவே இருக்க, தள்ளி வைத்திருங்கள். அந்த வாசனை எட்டினால் மாதக்கணக்கில் பழக்கிய கடுவன்கள்கூட ரிங்கில் நிலைகொள்ளாது. அவற்றின் உரிமையாளர்களும் உங்களைப் போல விடியுமுன் கிளம்பி வந்தவர்கள்தான்.

ஷோவுக்கு விடுவதா என்று முடிவெடுக்கும் முன் கருத்தடை செய்யாதீர்கள். விடப்போவதில்லை என்று தெரிந்த பின் தள்ளிப்போடவும் செய்யாதீர்கள். பெரிய இனங்களுக்கு வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கும்படி சொல்லும் மருத்துவர்கள் இப்போது அதிகம்; உங்கள் நாய்க்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் எளிதில் தெளிவதில்லை. இனம் எது என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கருத்தடை செய்தால் கடுவன் கோழையாகிவிடும் என்று பயப்படாதீர்கள். காவல் குணம் போகாது. அலைச்சலும் காலைத் தூக்குவதும் பெரும்பாலும் குறையும். ஆனால் பயத்தால் கடிக்கும் நாயை அறுவை மட்டும் மாற்றிவிடாது, அதற்குப் பழக்கம் தேவை.

"ஒரு ஈத்தாவது போட்டால்தான் பெட்டைக்கு உடம்புக்கு நல்லது" என்பதைக் கேட்காதீர்கள். அதில் உண்மை இல்லை. பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி பெட்டையாக இருக்கும். அத்தனைக்கும் வீடு தயாராக இல்லாமல் இணை சேர்ப்பது பெரிய பாவம்.

தெரியாத நாயோடு சேரவிடாதீர்கள். நம் தெருநாய்களிடையே இணைசேரும்போது தொற்றுகிற ஒருவகைக் கட்டி இருக்கிறது. பிறப்புறுப்பில் பூக்கோசு போல வளரும், ரத்தம் கசியும். கடுவன், பெட்டை இரண்டுக்கும் வரும். மருந்தால் குணமாகும், ஆனால் வாரக்கணக்கில் ஊசி போட வேண்டியிருக்கும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் அதைத் தடை செய்கின்றன.

கருத்தடை செய்யாத, வயதான பெட்டையின் சோர்வைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஹீட் முடிந்த சில வாரங்களில் அது வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், பின்பக்கம் சீழ் கசிந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கசிவே இல்லாமல் வயிறு மட்டும் உப்புவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் சீழ் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.