ரப்பர்ப் பாலும் ஆய்வகப் பாலும்

ரப்பர் மரத்துப் பாலை நுணுகி நோக்கின், அது நீரில் மிதக்கும் கோடானுகோடி ரப்பர் மணிகளின் கூட்டம் என்பது விளங்கும். ரப்பர் மட்டும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை உண்டு. ஒவ்வொரு மணியையும் புரதமும் கொழுப்புப் பொருளும் போர்த்தியிருக்கின்றன. அப்போர்வையின் எதிர்மின்னேற்றமே மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கின்றது. சிறிது ஃபார்மிக் அமிலம் சேர்த்ததும் அந்தக் காவல் நீங்கிப் பால் கட்டியாகிவிடும். எங்கள் உடும்பஞ்சோலை ஏலக்காய் மலை. அங்கே குளிர் மிகுதியாதலின் ரப்பர் செழிப்பதில்லை. தொடுபுழைப் பக்கம் இறங்கினால் இக்காட்சியைக் காணலாம்.

இத்தகைய பாலை மரமின்றியே ஆய்வகத்தில் ஆக்கும் முறைதான் பால்மப் பலபடியாக்கம். ஸ்டைரீன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள நீர்மத்தைச் சோப்பு நீரில் கலக்கி, சூட்டில் சிதைந்து வினையைத் தொடங்கிவைக்கும் ஓர் உப்பைச் சேர்த்தால், சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. சங்கிலி வளர்வது எண்ணெய்த் துளிகளில் அன்று. சோப்பு மூலக்கூறுகள் கூடியமைத்த மிகச் சிறு கூடுகளில். துளிகள் வெறும் களஞ்சியங்களே. 1947இல் ஹார்க்கின்ஸ் இதனை விளக்கினார். அடுத்த ஆண்டே ஸ்மித்தும் எவார்ட்டும் கணக்கிட்டுக் காட்டினர்.

மணி பிறந்தால் போதுமா? வேறொன்றைப் பற்றிக்கொள்ள அதற்கு ஒரு "கை" வேண்டும். 1956இல் சிங்கர், பிளாட்ஸ் என்னும் இருவர், முடக்குவாதத்தைக் கண்டறிவதற்காகப் பாலிஸ்டைரீன் மணிகளின்மேல் மனித இரத்தப் புரதத்தைப் படியவைத்தனர். நோயாளியின் குருதித் தெளிநீர் பட்டதும் மணிகள் திரளும். காரணம் வேறாயினும், ரப்பர்ப் பால் திரிவதைப் போன்ற காட்சிதான். கண்ணே போதும், பெருங்கருவி வேண்டா. போடிமெட்டு வளைவுகளில் இறங்கித் தேனிக்குச் செல்லவேண்டிய எங்களூர் நோயாளிக்கு இது சிறிய உதவியா? ஆனால் வெறுமனே படிந்த புரதம் நாளடைவில் கழன்றுவிடக்கூடும். மணியின்மேல் கார்பாக்சில் தொகுதி இருப்பின், கார்போடையிமைடின் துணையால் அது புரதத்தின் அமீன் தொகுதியோடு உறுதியாகப் பிணையும்.

அக்கையைப் பொருத்தும் வழி எளிது. 90 கிராம் நீர், 10 கிராம் ஸ்டைரீன், ஸ்டைரீனில் நூற்றுக்குச் சில பங்கு அக்ரிலிக் அமிலம், சிறிது பொட்டாசியம் பெர்சல்பேட். ஆக்சிஜன் வினையைத் தடுக்குமாதலால் நைட்ரஜனைச் செலுத்தி, 70° செல்சியஸில் ஓரிரவு கலக்கவேண்டும். இங்கே சோப்பே வேண்டா! பெர்சல்பேட் விட்டுச்செல்லும் சல்பேட் முனைகளும் அமிலமும் நீரை நாடி வெளிப்புறம் நிற்பதால் மணிகள் தாமே விலகி நிற்கின்றன. விட்டம் 0.3 மைக்ரானாயின், ஒரு கிராமில் ஏறத்தாழ 67 லட்சம் கோடி மணிகள்; அவற்றின் மொத்த மேற்பரப்பு 19 சதுர மீட்டர், ஒரு பெரிய அறையின் தரை!

இனிதான் உண்மையான வேலை. அமிலத்தில் ஒரு பகுதி மணியேறாமல் நீரிலேயே தனிச் சங்கிலிகளாகித் தங்கிவிடும். அதை நீக்காவிடில் புரதம் மணியை விட்டு அச்சங்கிலிகளைப் பற்றும். நோயுள்ளவரையும் நோயற்றவர் எனச் சோதனை காட்டக்கூடும். மெத்தக்ரிலிக் அமிலத்தைக் கொள்ளலாமே எனின், அது மணியினுள் புதைவது மிகுதி. புதைந்ததை எடுக்க இயலாது. நீரில் நின்றதைக் கழுவலாம். ஆகவே நான் அக்ரிலிக் அமிலத்தின் பக்கமே.

மையவிலக்கியில் சுழற்றிப் படியவைத்து, மேல்நீரை வடித்து, புதுநீரில் மீண்டும் கலக்கவேண்டும். வடித்த நீரின் மின்கடத்துதிறன் தூய நீரினதை ஒட்டிவரும்வரை இதைச் செய்யவேண்டும். பின்னர் மணிகளை அமில வடிவிற்கு மாற்றி, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மின்கடத்துதிறனை வரைபடத்தில் குறித்தால், சல்பேட் தொகுதிகள் தீரும்வரை கோடு இறங்கும். கார்பாக்சில் தீரும்வரை மெல்ல ஏறும். அதன்பின் விரைந்து எழும். இரு திருப்பங்களுக்கும் இடையே செலவான காரத்தின் அளவே நாம் பொருத்திய கைகளின் அளவு.