கணிப்பொறியின் மூளையிலும் பிழை உண்டா?



கணிப்பொறி திடீரென்று நின்றுவிட்டால் பழி யார்மேல் விழும்? அதன்முன் அமர்ந்திருந்தவர்மேல்தான். பாலக்கோட்டில் என் மாமா நடத்தும் அச்சகத்திலும் அப்படியே ஆயிற்று. கல்யாணப் பத்திரிகை தயாராகும் வேளையில் திரை நீலமாகும், எல்லாம் நின்றுபோகும். "நீதான் எதையோ அழுத்திவிட்டாய்" என்று மாமா தட்டச்சு செய்யும் அக்காவைக் கடிந்துகொண்டார். மூன்றாம் முறை அந்த அக்கா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவர் வேலைக்குத் திரும்பவில்லை.

கணிப்பொறியின் மூளை, செயலி என்னும் சிறு சில்லு. அதை வடிவமைப்போரும் மனிதர்களே. பிழை தெரியவந்தால் திருத்தி மீண்டும் தயாரிப்பார்கள். நம் பாடநூலுக்குத் திருத்திய பதிப்பு வருவதுபோலச் சில்லுக்கும் பதிப்புகள் உண்டு. அதற்கு 'ஸ்டெப்பிங்' என்று பெயர்.

1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் செயலி வகுத்தலில் தவறுவதைக் கண்டார். (புனேயில் பிறந்த வினோத் தாம் முன்னின்று உருவாக்கிய செயலி அது.) 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.3338 வரவேண்டும், அதுவோ 1.3337 என்றது. உள்ளே இருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டதே காரணம். நமக்கென்றால் அரை மதிப்பெண் போயிருக்கும், இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் போயிற்று!

பெண்டியம் கணக்கில் தவறியதே தவிர நின்றுவிடவில்லை. 2007இல் வெளிவந்த ஏ.எம்.டி. பினாம் செயலியின் 'பி2' பதிப்போ, கடும் வேலையின்போது அபூர்வமாகக் கணிப்பொறியையே நிறுத்திவிடும். நினைவகத்தில் எது எங்கே உள்ளது என்று குறித்துவைக்கும் பகுதியில் கோளாறு. பயாஸ் மாற்றத்தால் அதைத் தடுக்க முடிந்தது. ஆனால் வேகம் குறைந்தது. 2008 மார்ச்சில் 'பி3' பதிப்பு வந்த பிறகே முழுத் தீர்வு கிடைத்தது. 9600 என்ற எண் 9650 ஆயிற்று.

2024இல் நடந்தது இன்னும் விந்தை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் கெட்டன. திரையிலோ 'படக்காட்சி நினைவகம் போதவில்லை' என்ற செய்தி வந்தது! குற்றவாளி ஒருவர், பெயர் மற்றொருவருக்கு. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது. ஏற்கெனவே கெட்ட சில்லை அது குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே செயலியைச் சந்தேகிக்குமுன் மற்றவற்றைச் சோதிக்கவேண்டும். மாமாவின் கணிப்பொறியைப் பழுதுபார்க்க வந்த அண்ணன் முதலில் விசிறியின் தூசியைத் துடைத்தார். நினைவகப் பட்டையை மாற்றினார், மின்வழங்கியை மாற்றினார். நீலத்திரை போகவில்லை. பிறகுதான் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் ஸ்டெப்பிங் எண்ணைப் பார்த்தார். தயாரிப்பாளர் வெளியிட்டிருந்த பிழைப் பட்டியலில் அந்தப் பதிப்பு இருந்தது. பயாஸைப் புதுப்பித்து, இரண்டு நாள் இரவும் பகலும் ஓடவிட்டார். நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாமா தாமே அந்த அக்காவின் வீட்டுக்குப் போனார்.