3,000 கிலோமீட்டருக்கு முன்னால் ஒரு 100 கிலோமீட்டர்

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. வேடசந்தூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவரானாலும் நத்தத்திலிருந்து துபாய்க்குப் போகிறவரானாலும் முதலில் மதுரைக்கோ திருச்சிக்கோ கோவைக்கோ போய்ச் சேர வேண்டும். நேர்கோட்டில் அளந்தால் நம் ஊரிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 3,000 கி.மீ. இரண்டுக்குமே வானத்தில் செல்வது 4 மணி நேரத்தை ஒட்டி. பயணம் அவ்வளவுதான் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் தவித்துப் போகிறார்கள்.

செய்ய வேண்டியவை

• வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். திருச்சி விமான நிலையம் நூறு கி.மீ.க்குச் சற்று மேல். நகரைத் தாண்டிப் புதுக்கோட்டை சாலையில் இருப்பதால் இரண்டரை மணி நேரம் வையுங்கள். அங்கே 3 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பறப்பது 4 மணி. இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி என்று இன்னும் ஒரு மணி. ஆகப் பத்தரை மணி நேரம்.

• டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி. காலை 10 மணிக்குக் கிளம்பி 4 மணி நேரம் பறந்தால் சிங்கப்பூரில் மாலை 4.30, துபாயில் பகல் 12.30. அழைக்க வருகிறவருக்கு அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.

• விமானம் மாறிப் போவதானால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

செய்யக்கூடாதவை

• நள்ளிரவு விமானத்தின் தேதியில் ஏமாறாதீர்கள். 15-ஆம் தேதி 00.30 என்று போட்டிருந்தால், 14-ஆம் தேதி மாலை ஏழு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். முதன்முறை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைக் காலண்டரில் வட்டம் போட்டே காட்டுங்கள்.

• சென்னைக்கு மட்டும் போக மதுரையில் விமானம் ஏறாதீர்கள். சாலையும் காத்திருப்பும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். திண்டுக்கல்லில் நிற்கும் வந்தே பாரத் ரயிலும் ஏறத்தாழ அவ்வளவு நேரத்தில் எழும்பூரில் இறக்கிவிடும்.

• தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லாதீர்கள். சென்னை–லண்டன் சுமார் 8,200 கி.மீ. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், போகும்போது ஆகும் நேரம் திரும்பும்போது ஆவதைவிட அதிகம். வான்வழி மூடப்பட்டாலும் சுற்ற வேண்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியபின் டெல்லியிலிருந்து ஐரோப்பா சென்ற இந்திய விமானங்களுக்கு அதுதான் நேர்ந்தது.

• வழியனுப்ப வேனில் வரும் சொந்தக்காரர்கள் மணப்பாறையில் சாப்பாட்டுக்கு நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களுக்குப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்.