கொள்கையும் கணக்குப் புத்தகமும்



நம் மகாராஜபுரத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் போய் மதுரைச் சாலையைப் பிடிக்கிறவர்களுக்கு, வழியில் தே.கல்லுப்பட்டி தெரியாமல் இராது. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தை 1940-இல் தொடங்கியவர் கோ. வேங்கடாசலபதி. 1950-களில் அந்த ஊருக்கு வந்து, தமது கடைசி வருஷங்களை அங்கே கழித்த கிறிஸ்தவர் ஒருவரைப் பற்றி நம்மில் அநேகர் கேள்விப்பட்டதேயில்லை. அவர்தான் ஜே. சி. குமரப்பா. இந்த வாரப் பாடத்திற்கு அவரை எடுத்துக்கொள்கிறேன்.

அவர் நம் சபையார் அல்லர். பிரிந்த சகோதரரின் சபையில் பிறந்தவர். திருச்சபையைப் பற்றி அவர் எழுதியவற்றில் ஒரு கத்தோலிக்கக் குரு ஒப்புக்கொள்ள முடியாதவையும் உண்டு. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். ஆனால் ஒரு மனிதன் தன் அரசியல் கொள்கைக்காகத் தன் கையிலிருந்து எதை எடுத்துக் கொடுத்தான் என்று பார்க்கும்போது, அவர் முன்னே நாம் கொஞ்சம் தலைகுனிந்துதான் நிற்கவேண்டும்.

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி நல்ல வருமானம் கண்டார். பிறகு அமெரிக்கா சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் அரசாங்க நிதியைப் பற்றி ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிதான் அவரைக் கெடுத்தது என்று அவருடைய தொழில் கூட்டாளிகள் நினைத்திருக்கக்கூடும்! பரங்கியர் வசூலித்த வரி எங்கே போகிறது, குடியானவன் ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று கணக்குப் பார்க்கப் போனவருக்கு, பழைய வாழ்க்கைக்குத் திரும்ப மனம் இடந்தரவில்லை. 1929-இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். மேல்நாட்டு உடை போயிற்று, கதர் வந்தது. தணிக்கைத் தொழில் போயிற்று, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று ஏழைகளின் வரவு செலவைக் கணக்கெடுக்கும் வேலை வந்தது. ‘யங் இந்தியா’ பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறை வந்தது. பின்னும் சில முறை வந்தது. விவாகம் செய்துகொள்ளவேயில்லை.

இவற்றையெல்லாம்விட அவருக்கு வலித்திருக்கக்கூடிய இழப்பு ஒன்று உண்டு. 1930-இல் சட்டமறுப்பு நடந்தபோது, கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபைத் தலைவர் வெஸ்ட்காட் ஆண்டகை, அது கிறிஸ்துநாதரின் போதனைக்கு ஒவ்வாதது என்றார். குமரப்பா அவருக்கு மறுப்பு எழுதினார். தான் பிறந்த சபையின் மேய்ப்பரையே எதிர்த்து எழுதுவது சாமானியக் காரியமா? அரசாங்கத்தின் கோபத்தைச் சிறையில் இருந்து கழித்துவிடலாம். சொந்த ஜனங்களின் முகச்சுளிப்புக்கு விடுதலைத் தேதி கிடையாது. 1942-க்குப் பின் மறுபடி சிறையிலிருந்தபோது அவர் எழுதியவற்றுள் ஒன்று, சேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றிய நூல். விசுவாசத்தை விட்டு ஓடியவர் எழுதுகிற நூலல்ல அது.

ராஜபாளையத்தின் பூ. ச. குமாரசாமி ராஜாவை நம் வட்டாரத்தில் யாவரும் அறிவார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர், சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அதன் பெருமையைக் குறைக்கவில்லை. ஆனால் வீட்டைக் கொடுப்பது ஒருநாள் தியாகம்; ஊர் பார்க்கும், பெயர் நிற்கும். ஒருவரும் கைதட்டாத தினசரித் தியாகம் வேறு ஜாதி.

பீகாரில் 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் பெரும் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பாவிடம் ஒப்படைத்தார்கள். தொண்டருக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அவர் கட்டுத் திட்டம் செய்தார். அப்போது காந்தியடிகளே தம் பரிவாரத்துடன் வந்தார். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை இந்த நிதியிலிருந்து தரமுடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார்! தலைவரிடம் காட்டும் தயவு, பூகம்பத்தில் வீடிழந்தவனின் பங்கிலிருந்துதான் வரவேண்டும் என்பது அந்தக் கணக்கருக்குத் தெரியும். காந்தியடிகளுக்கும் அது புரிந்தது. நம்மிடையே கோயில் திருவிழாக் கணக்கு எழுதுகிறவர்கள் இதை இரண்டாம் முறை வாசித்தாலும் குற்றமில்லை.

சுயராஜ்யம் வந்த பின்பும் அவர் அதிகாரப் பந்தியில் இலை தேடவில்லை. பெரிய ஆலைகளை நம்பிச் சென்ற தம் பழைய தோழர்களின் அரசாங்கத்தை வெளிப்படையாகவே கண்டித்துவிட்டு, கல்லுப்பட்டிக்கு வந்து கிராமத்தாரோடு இருந்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் இறந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

“சுவாமி, அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இல்லை, எங்களுக்கு உண்டே” என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அர்ச். தோமாஸ் மோர் பதில் சொல்லட்டும். இங்கிலாந்தின் சான்சலராயிருந்த அவர், 1535-இல் சிரச்சேதம் பெற்றதை ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். 2000-ஆம் ஆண்டில் பரிசுத்த பாப்பு இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக அறிவித்தார். ஆனால் 1532-இல் அவர் பதவியைத் துறந்தபின் செய்த காரியம் என்ன? பிள்ளைகளையும் மருமக்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இனி வருமானம் இவ்வளவுதான், சாப்பாட்டை எப்படிக் குறைக்கலாம் என்று கலந்து பேசினார். வேதசாட்சி முடி பிற்பாடு வந்தது. அதற்கு முன்னே வந்தது அடுப்படிக் கணக்கு.

இப்போது நம் அடுப்படிக்கு வருவோம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வாக்களிப்பது பொதுநன்மைக்காகச் செய்யவேண்டிய உரிமையும் கடமையும் என்று போதித்தது. நம் நாட்டிலோ ஓட்டுக்குப் பணம் கொடுத்ததற்காகத் தேர்தலே நிறுத்தப்படுகிறது: 2017-இல் சென்னை ராதாகிருஷ்ணன் நகர், 2019-இல் வேலூர். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே சட்டப்படி குற்றம். தேங்காய் விலை விழுந்த வருஷத்தில், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கியிருக்கும்போது, இரவில் கதவிடுக்கில் வரும் நோட்டை வேண்டாமென்பது சுலபமல்ல, அறிவேன். வாங்கிக்கொண்டு இஷ்டப்படி ஓட்டுப் போட்டால் பாவமில்லை என்று சிலர் என்னிடம் வாதிக்கிறார்கள். அந்த நோட்டு யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று குமரப்பா கேட்டிருப்பார்.

உங்களுக்குச் சொல்லும் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு தேர்தல் சமயம், கோயில் மதிலை முடித்துத் தருகிறோம் என்று சிலர் வந்தார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். பிரசங்கத்தில் ஓர் அறிவுரைச் சொல் மட்டும் எதிர்பார்த்தார்கள். அப்போதே முடியாதென்று சொல்லியிருக்கவேண்டும். “பார்க்கலாம்” என்றேன். மதில் என் கண்ணில் நின்றது. நம் கோயில்பிள்ளைதான் அவர்கள் போனபின், “சாமி, அவங்க பேரை மதில்ல எழுதுவாங்களா, பிரசங்கத்துல எழுதுவாங்களா?” என்று கேட்டார். மறுநாள் ஆள் அனுப்பி வேண்டாமென்று சொன்னேன். ஒரு ராத்திரி தாமதம். அதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டியிருந்தது.

மதில் இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது. ஆடுகள் உள்ளே வருகின்றன. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்குப் பேரவை கூடும்போது, இதுவரை வசூலான தொகையையும் செங்கல், சிமெண்டு, கூலிக் கணக்கையும் நானே வாசிப்பேன். குடும்பத்துக்கு ஒருவராவது வாருங்கள்.

உங்கள் பங்குக் குரு