நேரம் தவறாமையும் ஒரு வழிபாடுதான்!

 

இந்த வாரப் பாடம் கொஞ்சம் கசப்பா இருக்கும். நேரத்துக்கு வருவதைப் பற்றிப் பேசப் போறோம். கூட்டம் ஆறு மணிக்கு என்று சொன்னால் ஏழு மணிக்குத்தான் ஆட்கள் வந்து சேருவாங்க. கேட்டா, "அதான் இந்தியன் டைமாச்சே" என்று ஒரு சிரிப்பு. நேரம் பார்ப்பது வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம ரத்தத்தில் அது கிடையாது என்று நமக்கு நாமே சொல்லிக்கிறோம். இது உண்மைதானா?

நம் முன்னோருக்கு நேரம் தெரியாதா?

ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தவர்கள் நாம். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். கைக்கடிகாரம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, தண்ணீரை வைத்து அளக்கும் நாழிகை வட்டில் இங்கே இருந்தது. போர்ப் பாசறையில் அரசனுக்கு நேரம் கணக்கிட்டுச் சொல்ல ஆட்கள் இருந்ததை முல்லைப்பாட்டில் பார்க்கலாம்.

நம்ம கோயில்களையே பாருங்க. பழனியில் விளாபூஜை, சிறுகாலசந்தி, காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இராக்காலம் என்று ஆறு கால பூஜை. ஒவ்வொன்றின் பெயரும் பொழுதோடு சேர்ந்தே நிற்குது. உச்சிக்கால பூஜையைச் சாவகாசமா மூணு மணிக்கு வச்சுக்கலாம் என்று யாராவது சொல்வாங்களா?

திருச்செந்தூர் பக்கம் செவிவழியாகச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. வீரபாண்டிய கட்டபொம்மன் செந்தூரான் மேல் அளவில்லாத பக்தி கொண்டவர். அங்கே உச்சிக்கால பூஜை முடிந்த பிறகுதான் இவர் பாஞ்சாலங்குறிச்சியில் சாப்பிடுவாராம். பூஜை முடிந்தது எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபங்கள் கட்டி மணி தொங்கவிட்டிருந்தாராம். கோயிலில் மணி அடித்ததும் அடுத்த மண்டபத்தில் அடிப்பாங்க, அதைக் கேட்டு அதற்கடுத்த மண்டபத்தில். இப்படியே ஓசை அரண்மனை வரை போய்ச் சேருமாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் ஆட்சி செய்தவர். "நான் சாப்பிடும் நேரத்துக்குப் பூஜையை வைங்க" என்று ஆள் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பசியோடு மணியோசைக்குக் காத்திருந்தார் என்றுதான் ஊர் சொல்லுது. பெரிய மனுஷன் என்றால் மற்றவர்களைக் காக்க வைப்பவன் என்ற இன்றைய எண்ணத்துக்கு இது நேர் எதிர்!

அப்போ எங்கே தாமதமாகிறோம்?

நம்மையே ஒரு தடவை சோதித்துப் பார்ப்போம். விமானம் ஏறணும் என்றால் மூணு மணி நேரம் முன்பே போய் உட்காருகிறோம். பிள்ளையின் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் நிற்கிறோம். சூரசம்ஹாரம் பார்க்கக் கடற்கரையில் மதியத்திலிருந்தே இடம் பிடிக்கிறோம். தாலி கட்டும் முகூர்த்தத்தைத் தவற விடுவதே இல்லை. ஆக, நேரம் பார்க்க நமக்கு நன்றாகவே தெரியும்.

தாமதம் வருவதெல்லாம் வேறு இடத்தில். சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் மனைவி, மருந்துக்காக வழி பார்க்கும் வயசான அப்பா, வாசலில் நிற்கும் ஆட்டோக்கார அண்ணன், கூலிக்காகச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் கொத்தனார். இவங்க யாரும் நம்மை ஒன்றும் கேட்க மாட்டாங்க. கேட்க மாட்டாங்க என்று தெரிந்த இடத்தில்தான் நமக்குத் தாமதம் வருது. யாரை மதிக்கிறோம், யாரை மதிக்கவில்லை என்பதை நம்ம வாய் சொல்லாது. நாம் வந்து சேரும் நேரம் சொல்லிவிடும்.

ஒரு சின்னக் கணக்கும் போடுவோம். 40 பேர் கூடிய இடத்தில் ஒருவருக்காக அரை மணி நேரம் காத்திருந்தால் போனது அரை மணி இல்லை, மொத்தம் 20 மணி நேரம். நம்ம பழைய கணக்கில் 50 நாழிகை! ஒருவர் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்தால் திருட்டு என்கிறோம். இதற்கு என்ன பெயர்?

ஜப்பான்காரர்கள் பிறவியிலேயே அப்படியா?

2017 நவம்பர் 14. டோக்கியோ பக்கம் ஓடும் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. அதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது உலகமெல்லாம் செய்தியானது. உடனே நாம், "அவங்க ரத்தம் அப்படி" என்கிறோம். ஆனால் 1850-களின் கடைசியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுக்கப் போன டச்சு அதிகாரி ஒருவர், அங்கே யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று அலுத்துப்போய் எழுதி வைத்திருக்கிறார். 1873 வரை அவங்க கணக்கில் ஒரு மணியின் நீளமே கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மாறும். பிறகு ரயில், பள்ளிக்கூடம், தொழிற்சாலை எல்லாம் வந்து பழகிக்கிட்டாங்க. நேரத்தின் அருமையைச் சொல்ல ஜூன் 10-ஐ ஒரு தினமாகவே 1920-இல் அறிவிச்சாங்க. ஆக, இது பழகினால் வருவது. நமக்கும் வரும்.

எங்கள் குழுவில் நடந்தது

மாதாமாதம் கிருத்திகைக்கு எங்கள் குழுவில் கூட்டு வழிபாடு உண்டு. ஆறு மணி என்று செய்தி போகும், ஆரம்பிக்க ஆறே முக்கால் ஆகிவிடும். பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பாட்டி டவுன் பஸ்ஸில் வருவாங்க. எப்பவும் ஐந்தரைக்கே வந்து விளக்குக்குத் திரி போட்டு வைப்பாங்க. அவங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டே காலுக்கு. தொடர்ந்து சில மாதம், தீபாராதனை பார்க்காமலே, பிரசாதம் வாங்காமலே எழுந்து போனாங்க. யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதலில் வந்தவருக்குத் தீபாராதனை இல்லை, கடைசியில் வந்தவருக்கு முழு தரிசனம் என்றால் அது என்ன நியாயம்?

பேசி ஒரு முடிவெடுத்தோம். ஆறு மணிக்கு மூணு பேர் இருந்தாலும் ஆரம்பிப்பது. ஒரு அன்பர் கோபப்பட்டு வருவதையே நிறுத்திட்டார், அதில் எனக்கு வருத்தம்தான். சிலர் இன்னும் தாமதமாகத்தான் வர்றாங்க. ஆனால் பாட்டி இப்போ கையில் பிரசாதத்தோடு பஸ் ஏறுறாங்க.

தாமதமாக வருபவரை ஏளனம் செய்யாதீர்கள்

ஞானப்பழக் கதை நினைவிருக்கா? பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி வந்து பழம் வாங்கிட்டார். நம்ம முருகன் மயிலேறி உலகமெல்லாம் சுற்றி வந்தார். அவரைச் சோம்பேறி என்று யார் சொல்வாங்க? அவர் வந்த பாதை நீளம். கைக்குழந்தையோடு வரும் தாய், பஸ் வராமல் நின்றவர், வேலை முடிந்து ஓடி வருபவர் எல்லாரும் நீளமான பாதையில் வருபவங்கதான். அவங்களைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், நகர்ந்து இடம் கொடுப்போம்.

இந்த வாரம் செய்து பார்க்க:

1. கிளம்பாமலே "வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லாதீங்க. "இன்னும் 20 நிமிஷம் ஆகும்" என்று உண்மையைச் சொல்லுங்க. காத்திருப்பவர் வேறு வேலை பார்க்கலாம்.

2. போய்ச் சேரும் நேரத்தை மட்டும் யோசிக்காமல், வீட்டுப் படி இறங்கும் நேரத்தையும் முடிவு செய்யுங்க.

3. "ஆறு என்று போட்டால்தான் ஆறரைக்கு வருவாங்க" என்று பொய் நேரம் போடாதீங்க. அது ஒழுங்கா வருபவருக்குக் கொடுக்கும் தண்டனை.

4. தாமதமானால் டிராஃபிக் கதை வேண்டாம். "காக்க வச்சிட்டேன், மன்னிச்சிடுங்க" என்ற ஒரு வரி போதும்.

5. முக்கியமா, நம்மை எதிர்த்துக் கேட்க முடியாத ஒருவரை நினைவில் வைத்து, அவரிடம் இந்த வாரம் சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்க.

அடுத்த கிருத்திகைக்கு ஆறு மணிக்குச் சந்திப்போம், உறவுகளே. படித்ததோடு நிற்காமல் உங்கள் குழுவிலும் பகிருங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!