விதைநெல் அறுவடை

நெல்லும் புல்லினப் பயிரே. அதன் கதிரில் மணிகள் யாவும் ஒரே நாளில் முற்றுவதில்லை. நுனியில் தொடங்கி அடிநோக்கி முற்றும். முந்தி அறுப்பின் நிரம்பாத மணிகள் மிகுந்து முளைதிறன் குன்றும். மிகப் பிந்தின் மணிகள் உதிர்ந்து விளைவு குறையும். ஆகவே, நூற்றுக்கு 85 மணிகள் வைக்கோல் நிறமடைந்ததும் அறுத்தல் நன்று. அதற்கு முன்னரே வேற்றினக் கதிர்களைக் கமக்காரர் களைந்துவிடல் வேண்டும்.

சூடடித்துத் தூற்றிய நெல்லை, ஈரப்பதன் நூற்றுக்கு 13 ஆகும்வரை உலர்த்திச் சேமித்தல் வேண்டும். பல இனங்களின் புதுநெல்லுக்குச் சில வாரங்கள் உறக்கநிலை உண்டு. ஆதலின், உடனே முளையாத விதையைப் பழுதென்று கழித்தலாகாது. விதைப்புக்கு முன் 100 மணிகளை ஈரச்சாக்கில் வைத்துச் சோதித்தல் வேண்டும். 85 மணிகளேனும் முளைப்பின் அவ்விதை வயலுக்கு ஏற்றதாகும்.