ஓரம் யாருக்கு?

காலை ஏழு மணி. தெற்கு தில்லியில் அம்பேத்கர் நகர் என்று ஓர் இடம். அங்கிருந்து ஒருவர் சைக்கிளில் கிளம்புகிறார். அவர் கொத்தனார். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அவரைப் போலப் பல பேர் அந்த நேரத்தில் கிளம்புகிறார்கள்.

சைக்கிளின் முன்னால் சாப்பாட்டுத் தூக்கு தொங்குகிறது. பின்னால் கேரியரில் ஒரு சாக்குப் பை. பைக்குள் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு. வடக்கே சில மைல் போனால் பெரிய வீடுகள் உள்ள காலனிகள் வரும். அங்கேதான் அவருக்கு வேலை. பஸ்ஸில் போனால் கூலியில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போய்விடும். அதனால் சைக்கிள்.

இது 2008ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அவருக்கு ஒரு புதுமை கிடைத்தது. சாலையின் இடது ஓரத்தில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டிருந்தார்கள். காருக்கும் அதற்கும் நடுவில் சிறு மேடு. அவர் அந்தப் பாதையில் ஏறினார். முதுகுக்குப் பின்னால் லாரி வருகிறதா என்ற பயம் இல்லை. கொஞ்ச தூரம் நிம்மதியாகப் போனார்.

பின்னால் ஒரு ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தார். ஒரு மோட்டார் சைக்கிள்.

"ஓரமாப் போப்பா! வழி விடு!"

"பாபுஜி, இதுதானே ஓரம். இதுக்கும் மேலே நான் எங்கே போறது?"

"அங்கே ஒரே நெரிசல். ஆபீசுக்கு நேரமாச்சு."

"எனக்கும் நேரமாச்சு. தாமதமாப் போனா வேற ஆளை வச்சுக்குவாங்க."

மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு முந்திப் போனது. அதன் பின்னால் இன்னும் இரண்டு வந்தன.

இந்தப் பேச்சு நாம் கற்பனை செய்தது. ஆனால் மோட்டார் சைக்கிள்கள் அந்தப் பாதையில் புகுந்தது உண்மை. பாதை திறந்த நாள் முதலே இது நடந்தது.

பாதை எப்படி வந்தது?

அந்தச் சாலையில் முன்பு எல்லா வண்டிகளும் கலந்து ஓடின. பஸ், லாரி, கார், ஸ்கூட்டர், சைக்கிள், தள்ளுவண்டி எல்லாம் ஒன்றாகப் போயின. பஸ் நிறுத்தம் இடது ஓரத்தில் இருந்தது. சைக்கிள் போவதும் இடது ஓரம்தான். பஸ் வந்து ஓரம் கட்டும்போதெல்லாம் சைக்கிள்காரர் மாட்டிக்கொள்வார். பஸ்ஸைச் சுற்றிப் போகலாம் என்று வலப்பக்கம் விலகுவார். அங்கே கார் வேகமாக வரும். நம் ஊர்ச் சாலைகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

தில்லி ஐ.ஐ.டி. என்ற பெரிய பொறியியல் கல்லூரியில் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். அவர்கள் சொன்ன யோசனை எளியது. பஸ்ஸை நடுச் சாலைக்குக் கொண்டு போங்கள். நிறுத்தத்தையும் அங்கேயே வையுங்கள். அப்போது ஓரம் காலியாகும். அந்த ஓரத்தைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுங்கள்.

இந்த யோசனையின்படி அம்பேத்கர் நகரிலிருந்து தில்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் தூரத்துக்குத் திட்டம் போட்டார்கள். அதில் மூல்சந்த் என்ற இடம் வரை 5.8 கிலோமீட்டர்தான் கட்டி முடித்தார்கள். 2008 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. நடுவில் பஸ் தடம். அதன் இரு பக்கமும் கார், ஸ்கூட்டர்களுக்கான தடம். கடைசியில் சைக்கிள் பாதை. அதை அடுத்து நடைபாதை.

சைக்கிளுக்கு எதற்குத் தனிப் பாதை என்று சிலர் கேட்பார்கள். சைக்கிள் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கார் 50, 60 என்று பறக்கும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 100 கிலோ கூட வராது. காரின் எடை 1,000 கிலோ. பஸ்ஸின் எடை 10,000 கிலோவுக்கும் மேல். இரண்டும் மோதினால் யாருக்கு அடி படும்? குறுகலான தெருவில் எல்லா வண்டிகளும் மெதுவாகப் போகும். அங்கே தனிப் பாதை வேண்டியதில்லை. வேகமாக வண்டி ஓடும் பெரிய சாலையில்தான் அது வேண்டும்.

கார்க்காரர்களின் கோபம்

கார்க்காரர்களுக்குக் கோபம் வந்தது. அதைப் பொய்க் கோபம் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு முன்பு முழுச் சாலையும் இருந்தது. இப்போது ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம்தான். சிராக் தில்லி என்ற சந்திப்பில் சிக்னல் நெடுநேரம் சிவப்பாகவே இருந்தது. கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. வெயிலில் ஸ்கூட்டர்காரர்கள் வெந்தார்கள். பஸ் நிறுத்தம் நடுச் சாலையில் இருந்ததால், பயணிகள் கார்த் தடத்தைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். அதுவும் தொல்லையாக இருந்தது.

நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் பஸ் தடம் காலியாகத் தெரியும். "அங்கே காலியாகக் கிடக்கிறது, இங்கே நாங்கள் நிற்கிறோம்" என்று அவர்கள் சொன்னார்கள். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பஸ் நிற்காமல் போய்விட்டால் அதன் தடம் காலியாகத்தானே தெரியும்? நெரிசல் இருக்கும் தடம்தான் நிறைந்து தெரியும்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சிக்னலில் 40 கார்கள் நிற்கின்றன. ஒரு காருக்கு 2 பேர். 2 பஸ்கள் நிற்கின்றன. ஒரு பஸ்ஸுக்கு 50 பேர். சைக்கிள்கள் 20. இவை கணக்குக்காகச் சொன்ன எண்கள்தான்.

காரில் இருப்பவர்கள் 80 பேர்.
பஸ்ஸில் இருப்பவர்கள் 100 பேர்.
சைக்கிளில் இருப்பவர்கள் 20 பேர்.

வண்டிகளை எண்ணினால் மொத்தம் 62. அதில் கார் 40. அப்படிப் பார்த்தால் சாலை காருக்குத்தான் என்று தோன்றும். ஆட்களை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 200 பேர். காரில் இருப்பவர்கள் 80 பேர்தான். மற்ற 120 பேர் பஸ்ஸிலும் சைக்கிளிலும் இருக்கிறார்கள். ஆனால் 40 கார் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்? 2 பஸ்ஸும் 20 சைக்கிளும் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்? சண்டையெல்லாம் எதை எண்ணுவது என்பதில்தான் இருந்தது.

நாடு முழுவதும் என்ன நிலை? 2011 மக்கள் கணக்கெடுப்பில் இந்த விவரம் இருக்கிறது. இந்தியாவில் 100 வீடுகளை எடுத்துக்கொண்டால் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. 21 வீடுகளில் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ இருந்தது. கார் 5 வீடுகளில்தான். அதன் பிறகு மோட்டார் வண்டிகள் நிறையப் பெருகிவிட்டன.

வழக்கும் முடிவும்

சண்டை நீதிமன்றம் வரை போனது. பஸ் தடத்தில் எல்லா வண்டிகளையும் விட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு போடப்பட்டது. 2012 அக்டோபரில் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. தனித் தடம் பிழைத்தது.

ஆனால் நெடுநாள் பிழைக்கவில்லை. கார்க்காரர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. தேர்தல் நேரத்திலும் இது பேச்சாக இருந்தது. 2015 ஜூலையில் தில்லி அரசு இந்தத் தடத்தை எடுத்துவிட முடிவு செய்தது. 2016இல் இடிக்கும் வேலை நடந்தது. பஸ்கள் பழையபடி இடது ஓரத்துக்கு வந்தன.

நம் கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். பஸ் ஓரத்துக்கு வந்தால் அவர் பாடு என்ன? பஸ் தடத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். பத்திரிகைகள் எழுதின. சைக்கிளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அவருக்குக் கிடைத்த ஓரம் பஸ் நடுவில் போனதால் கிடைத்தது என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை.

பாதை இருந்தும் பயன் இல்லையா?

சைக்கிள்காரர்கள் தனிப் பாதையில் போவதே இல்லை, சும்மா கட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு குறை எல்லா ஊர்களிலும் சொல்லப்படுகிறது. சில இடங்களில் அது உண்மை. ஏன் போவதில்லை? பாதையில் கார் நிறுத்தியிருக்கும். மணலும் ஜல்லியும் கொட்டியிருக்கும். சாக்கடை மூடி உடைந்திருக்கும். சந்திப்பு வந்தவுடன் பாதை திடீரென்று முடிந்துவிடும். நூறடிக்கு ஒரு முறை இறங்கித் தள்ள வேண்டுமானால் யார் போவார்கள்?

மோட்டார் சைக்கிள் புகாமல் இருக்கப் பாதையின் வாயிலில் கம்பம் நடுவதும் உண்டு. நெருக்கமாக நட்டால் மூன்று சக்கர வண்டி நுழையாது. அகலமாக நட்டால் மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடும். காவலுக்கு ஆள் இருந்தால் சரியாக இருக்கும். 2020இல் பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்கு ஒரு தடம் ஒதுக்கினார்கள். பிளாஸ்டிக் கம்பங்கள் வைத்துப் பிரித்தார்கள். கம்பங்கள் உடைந்தன. அங்கும் மோட்டார் சைக்கிள்கள் நுழைந்தன.

சைக்கிள்காரர் மேலும் குறை உண்டு. சிலர் எதிர்த் திசையில் வருகிறார்கள். இரவில் விளக்கில்லாமல் வருகிறார்கள். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் கூட இருப்பதில்லை. கார்க்காரர் கண்ணுக்கு அவர் தெரிவதே இல்லை. ரிஃப்ளெக்டர் விலை மிகக் குறைவு. அதை வாங்கி மாட்டலாமே.

கொல்கத்தாவில் நடந்ததையும் கேளுங்கள். 2013இல் அங்கே 174 சாலைகளில் சைக்கிளே போகக்கூடாது என்று போலீஸ் தடை போட்டது. மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சலாம். பால்காரர், பேப்பர் போடுபவர், கூலி வேலைக்குப் போகிறவர் எல்லாரும் தவித்தார்கள். தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு தடை சில சாலைகளில் தளர்த்தப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1989இல் மத்திய அரசு சாலை விதிகளை வெளியிட்டது. சைக்கிள் பாதையிலோ நடைபாதையிலோ மோட்டார் வண்டியை ஓட்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. சீருடையில் உள்ள போலீஸ்காரர் அனுமதித்தால் மட்டும் போகலாம். 2017இல் வந்த புதிய விதிகளிலும் இந்தத் தடை உண்டு. ஆகவே, "பாபுஜி, இது சைக்கிள் பாதை" என்று கொத்தனார் சொன்னால் அவர் கெஞ்ச வேண்டியதில்லை. விதியைத்தான் சொல்கிறார். சைக்கிள் ஓட்ட லைசென்சு வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. லைசென்சு இல்லையே என்று மிரட்டினால் பயப்படாதீர்கள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் பெரிய சாலை ஓரத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணுங்கள். பிறகு அவற்றில் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டையும் எழுதி வாருங்கள்.

2. பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிளில் போகிறவர் என்ன செய்கிறார்? படம் வரைந்து காட்டுங்கள்.

3. கார்க்காரரும் கொத்தனாரும் ஒரே டீக்கடையில் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்கள்? இருவர் இருவராகப் பேசி நடித்துக் காட்டுங்கள். அடுத்த முறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.